குப்பையும் கோபுரமும்

சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டத்தில் நான் சிரித்துவிட்டேன். சிரிப்பது பாவமல்ல. ஆனால் அன்று நான் சிரித்த சிரிப்புப் பாவம். அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன். பிராயச்சித்தம் என்றால் தலையில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டு போய்விடுகிற காரியம் அல்ல. ஒரு சண்டை போட்டாக வேண்டியிருக்கிறது. சண்டையில் முதல் அடி என் மேலேயே விழும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

திருச்சியில் கூட்டம். எழுத்தாளனுக்கு உத்வேகம் எங்கிருந்து வருகிறது என்பது விஷயம். மேடையில் நாங்கள் நான்கு பேர். எனக்கு முன்னால் பேசியவர் நிறையப் படித்தவர், அழகாகப் பேசுகிறவர். அவர் பெயர் இங்கே வேண்டாம். என் சண்டை அவருடைய அபிப்பிராயத்தோடுதான், அவரோடு அல்ல.

அவர் பேச்சின் சாரம் இது: இந்தக் காலத்து இளைஞர்கள் கண்ணில் பட்டதை, காதில் விழுந்ததை எல்லாம் எழுதிவிட்டுக் கதை என்கிறார்கள். உத்வேகம் தெருவில் கிடக்கிற சரக்கல்ல. சங்க காலம் தொட்டு நமக்கு வந்திருக்கிற காவியச் செல்வத்திலிருந்துதான் அது வர வேண்டும். அதைப் படித்துப் படித்து ஒருவனுக்கு நடை கைவந்துவிட வேண்டும். நடை வந்துவிட்டால் பொருள் தானே வந்து கைகட்டி நிற்கும்.

இப்படிச் சொல்லிவிட்டு, நடைக்கு உதாரணமாக என்னுடைய கதை ஒன்றை எடுத்துக்கொண்டார். அதில் ஒரு சொல்லைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கத்தினால் அல்ல, முகத்தில் வழிந்த சந்தோஷத்தை மறைக்க.

பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். ஜவுளிக் கடையில் வேலை செய்கிறவள் என்று அவளே சொன்னாள். கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி ஒரு நோட்டுப் புத்தகம்.

"சார், கடையில வர்றவங்க பேசறதை எல்லாம் ராத்திரி இதுல எழுதி வைக்கிறேன். ஒண்ணு படிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படித்தாள். ஒரு தாயும் மகளும் பட்டுப் புடவை எடுக்க வந்திருக்கிறார்கள். மகள் ஒரு புடவையை எடுத்தவுடன் அதில் தொங்குகிற விலைச் சீட்டைத் திருப்பப் போகிறாள். தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கலரைப் பாரு, சீட்டை நான் பாக்குறேன்" என்கிறாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த நோட்டில் ஒன்றும் இல்லை. "இது கதை ஆகுமா சார்?" என்று கேட்டாள்.

அவர் புன்னகை புரிந்தார். "அம்மா, குப்பையைக் கூட்டிக் குவித்தால் குப்பைமேடு ஆகும், கோபுரம் ஆகுமா?" என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். என் கதையைப் புகழ்ந்த வாய் ஒரு வேடிக்கை சொல்லும்போது சிரிக்காமல் இருக்க முடிகிறதா? அந்தப் பெண் நோட்டை மூடினாள். உட்காரவில்லை, அப்படியே வாசல் பக்கம் நடந்து போய்விட்டாள். நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார ஆசனம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021-ல்தான். இலக்கியத்திலும் அவளுக்கு உட்கார இடம் இல்லை என்று நாங்கள் ஒரு சிரிப்பில் தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிட்டோம்.

அன்று இரவு வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் தாயின் பேச்சு காதை விட்டுப் போகவில்லை. 'நீ கலரைப் பார். சீட்டை நான் பார்க்கிறேன்.' யோசிக்க யோசிக்க அது பெருகிக்கொண்டே போயிற்று. மகளுடைய சந்தோஷத்துக்கும் வீட்டின் கஷ்டத்துக்கும் நடுவில் தன் கையைக் குறுக்கே வைக்கிறாள் ஒரு தாய். இதைச் சொல்ல எனக்கு எத்தனை பக்கம் வேண்டியிருக்கும்! கூட்டவும் குறைக்கவும் முடியாத வாக்கியம் என்றால் அது இதுதான். நான் எழுதினது அல்ல.

அப்போதுதான் என் தகர டப்பாவின் ஞாபகம் வந்தது. மேடையில் புகழப்பட்ட அந்தக் கதை எங்கே பிறந்தது என்று நான் சபையில் சொல்லவில்லை. அது மிளகுப் பொட்டலத்தில் பிறந்தது!

2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரு தடவை உபயோகித்து எறிகிற பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தடை வந்ததல்லவா? அதை ஒட்டி எங்கள் தெரு மளிகைக் கடையில் மறுபடியும் காகிதப் பொட்டலம் தலைகாட்டியது. அச்சடித்த காகிதத்தில் தின்பண்டம் மடிக்கக் கூடாது என்று விதி உண்டு, நியாயமான விதிதான். கடைக்காரர் அந்த விதியைத் தம்முடைய வழியில் அர்த்தம் பண்ணிக்கொண்டு, அச்சடிக்காத பழைய நோட்டுக் காகிதத்தில் மடித்துக்கொடுத்தார். அப்படி வந்த ஒரு தாள், யாரோ ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு. தேதி போட்டு, பென்சிலால் எழுதியது. பால், காய், பஸ், பூ. தினமும் பூ 20 ரூபாய் என்று வருகிறது. பதினான்காம் தேதியிலிருந்து பூ இல்லை. மாதக் கடைசி வரைக்கும் இல்லை.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பூ நின்றுவிட்டது! ஆகா, ஒரு சுமங்கலியின் வாழ்வு ஒரு கணக்குத் தாளில் முடிந்துபோய்விட்டதே என்று அன்றிரவே உட்கார்ந்து எழுதிவிட்டேன். வெள்ளைப் புடவை உண்டு. உடைந்த வளையல் உண்டு. வெறும் கூந்தலில் விழுகிற மாலை வெயில் உண்டு. பத்திரிகையில் வந்தது. கண்ணீர் வடித்ததாக வாசகர்கள் எழுதினார்கள்.

அந்தத் தாளை டப்பாவிலிருந்து எடுத்து மேஜை மேல் விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். காபி கொண்டுவந்து வைத்த என் மனைவி அதை எட்டிப் பார்த்தாள். அவள் என் கதைகளைப் படிப்பதில்லை என்பதை முன்பே சொல்லியிருக்கிறேன். ஆனால் கணக்கைக் கண்டால் விடமாட்டாள்.

"யார் வீட்டுக் கணக்குங்க இது? பாவம், நல்லாக் கட்டுசெட்டா இருந்திருக்கா" என்றாள்.

"புருஷன் இறந்துபோய்விட்டான்" என்றேன் நான், கொஞ்சம் கம்பீரமாக.

"யார் சொன்னது?"

"பதினாலாம் தேதியிலிருந்து பூ இல்லை, பார்."

அவள் தாளைக் கையில் எடுத்தாள். "பூ இல்லைதான். பத்தொன்பதாம் தேதி குங்குமம் வாங்கியிருக்காளே, கண்ணு தெரியலையா? பதிமூணாம் தேதி பாருங்க, பீஸ் 4500. அன்னிக்கு மறுநாள்லேருந்து பூவும் இல்லை, பஸ்ஸும் இல்லை. பிள்ளைக்குப் பீஸ் கட்டிட்டு, பூவை நிறுத்திட்டு, நடந்து போயிருக்கா." தாளைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பார்த்தேன். குங்குமம் இருந்தது. பீஸ் இருந்தது. பஸ் இல்லை. எல்லாம் நான் எழுதிய அன்றைக்கும் அங்கேதான் இருந்தன. உயிரோடு இருந்த ஒரு மனிதனை என் நடையின் சௌகரியத்துக்காக நான் கொன்றுவிட்டேன்!

இனி என்னுடைய வாதத்துக்கு வருகிறேன். நான் ஏன் குங்குமத்தைப் பார்க்கவில்லை? எனக்குக் கண் கோளாறு இல்லை. படிப்புக் கோளாறு. 'பூ நின்றது' என்றால் 'விதவை' என்று எனக்கு நூறு கதைகள் சொல்லிக்கொடுத்திருந்தன. தாளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே விதவை என் மனசுக்குள் வெள்ளைப் புடவையோடு தயாராக நின்றுகொண்டிருந்தாள். நடையும் தயாராக இருந்தது. நண்பர் சொன்னது அப்படியே நடந்தது: பொருள் வந்து என் முன்னால் கைகட்டி நின்றது. கைகட்டி நின்றதனால்தான் அது வாய் திறக்கவில்லை. எஜமானுக்கு என்ன வேண்டுமோ அதைச் சொல்கிற வேலைக்காரனைப் போல, நான் நினைத்ததையே எனக்குச் சொல்லிற்று.

உண்மையில் அந்தத் தாள் சொன்ன கதை என்ன? ஒருத்தி பிள்ளையின் படிப்புக்காகத் தலையில் பூவை நிறுத்துகிறாள்; நடந்து போகிறாள்; ஆனால் குங்குமத்தை மட்டும் நிறுத்தவில்லை. கணவனிடம் என்ன காரணம் சொல்லியிருப்பாள்? அவன் கவனித்தானா? கவனித்தும் கேட்காமல் இருந்தானா? என் விதவையைவிட இவள் எத்தனை பெரியவள்! இவளை நான் தவற விட்டேன். எனக்கு உத்வேகம் குறைவாக இருந்ததனால் அல்ல. ரொம்ப அதிகமாக இருந்ததனால்.

இங்கே ஒரு கேள்வி எழும். கதாசிரியனுக்கு மாற்றுகிற உரிமை இல்லையா? குங்குமத்தை விட்டுவிட்டு விதவை ஆக்கினால் என்ன குற்றம்? ஹென்றி ஜேம்ஸ் ஒரு விருந்தில், மேஜை நாற்காலிகளுக்காகத் தாயும் மகனும் வழக்காடுகிறார்கள் என்று ஒரு துணுக்குக் கேட்டார். 1897-ல் ஒரு நாவலாக அது வெளிவந்தது. அந்தத் துணுக்கின் மீதியைச் சொல்லிக்கொண்டே போன அம்மாளை, போதும் நிறுத்தமாட்டாளா என்று தவித்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். மீதியை வாழ்க்கை கெடுத்துவிடும் என்பது அவர் பயம். ஆகையால் துணுக்குக்கு அடிமையாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்து மாற்றுவது கலைஞனின் உரிமை. தெரியாமல் மாறிப்போவது வேறு. ஜேம்ஸ் மீதியைத் தள்ளினார். கையில் வாங்கின வித்தைத் தள்ளவில்லை. நான் வித்தையே பார்க்காமல், பக்கத்து வீட்டு மரத்தை வெட்டிக்கொண்டுவந்து நட்டுவிட்டேன்.

செகாவைப் பற்றி ஒரு சம்பவம் உண்டு. எப்படிக் கதை எழுதுகிறீர்கள் என்ற பேச்சு வந்தபோது, மேஜை மேல் இருந்த சாம்பல் கிண்ணத்தைக் கையில் எடுத்து, வேண்டுமானால் நாளைக்கே இதைப் பற்றி ஒரு கதை தயார் என்றாராம். கூட இருந்த கொரலெங்கோ எழுதி வைத்த செய்தி. நடைக் கட்சிக்காரர்கள் இதையே சாட்சிக்கு அழைப்பார்கள்: பார்த்தீர்களா, கை இருந்தால் சாம்பல் கிண்ணம்கூடப் போதும்! ஐயா, செகாவ் வைத்தியர். நோயாளியின் நாக்கைப் பார்க்காமல் மருந்து எழுதுகிற பழக்கம் அவருக்கு இல்லை. சாம்பல் கிண்ணத்தையும் அவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசினார். என் போன்றவன் என்றால் கிண்ணத்தைப் பார்க்காமலே சுடுகாட்டை வர்ணிக்க ஆரம்பித்திருப்பான்.

ஸ்டெண்டாலின் 'சிவப்பும் கறுப்பும்' 1830-ல் வந்தது. உலக நாவல்களில் முன் வரிசையில் உட்காருகிற நூல். அதன் மூலம் என்ன? தான் முன்பு வேலை பார்த்த வீட்டு எஜமானியை மாதா கோவிலில் வைத்துச் சுட்ட ஒரு வாலிபனைப் பற்றிய வழக்கு. 1827-ல் கோர்ட்டுப் பத்திரிகையில் வந்த சமாசாரம். நம்மில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தை மடித்துப் பரணில் போட்டிருப்போம்!

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் ஒரு சின்ன அறையில் ஒருவர் உட்கார்ந்து பத்திரிகைத் துணுக்குகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்த்துக்கொண்டிருந்தார். அதுதான் அவருக்கு உத்தியோகம். காகிதம் கிழிக்கிறவனுக்கு என்ன வேலை இருக்கப் போகிறது என்று எண்ணி, வருகிறவர் போகிறவர் எல்லாம் அவரிடம் அளந்துவிட்டுப் போவார்களாம். அவர் பெயர் அசோகமித்திரன். சென்னைத் தெரு ஒன்றில் குழாயில் தண்ணீர் வராததை வைத்து 'தண்ணீர்' என்று நாவல் எழுதியவர். அவருடைய நடை எங்கே இருக்கிறது என்று தேடினால் கையில் அகப்படாது. வாளியும் குழாயும்தான் அகப்படும். அதுதான் ஐயா நடை!

புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளையைக் கடவுள் எப்போது சந்திக்கிறார்? பிள்ளையவர்கள் வீட்டுக்கு எப்படிப் போவது, வெற்றிலை பாக்குக்குக் காசு மிஞ்சுமா என்று அணாக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது! அந்தச் சில்லறைக் கணக்கை எடுத்துவிட்டால் அந்தக் கதையில் கடவுளுக்கு இறங்க இடம் ஏது?

நண்பர் சங்கத்தைச் சாட்சிக்கு இழுத்தார். நானும் அதே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிறேன். பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படை என்று ஒன்று உண்டு. நல்லூர் நத்தத்தனார் பாடியது. அதில் ஒரு பாணன் வீட்டு அடுக்களை வருகிறது. குட்டி போட்ட நாய் அங்கே குரைக்கிறது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. சுவரில் கறையான். பசியால் மெலிந்த ஒரு பெண், நகத்தால் கீரையைக் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அயலார் பார்த்துவிடப் போகிறார்களே என்று கதவைச் சாத்திவிட்டு, சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள். அந்தக் கீரை எங்கே முளைத்தது தெரியுமா? குப்பையில்! புலவரே அந்தச் சொல்லைத்தான் போட்டிருக்கிறார். குப்பையில் முளைத்த வேளைக் கீரை.

அந்தப் புலவருக்கு நடை தெரியாதா? அரசனைப் பாடுகிற பாட்டில் குப்பைக் கீரையையும் உப்பில்லாத கஞ்சத்தையும் வைக்க அவருக்குக் கூச்சம் இல்லை. சாத்தின கதவை அவர் பார்த்தார். அந்தக் கதவுக்கும், விலைச் சீட்டின் மேல் வைத்த தாயின் கைக்கும் என்ன வித்தியாசம்? ஜவுளிக் கடைப் பெண் பார்த்தது அதே கதவைத்தான். பல நூற்றாண்டுகள் கழித்துப் பார்த்ததனால் அது குப்பையாகிவிட்டதா?

புறநானூற்றைப் புரட்டுங்கள். அடுப்பில் காளான் பூத்த செய்தி அங்கே இருக்கிறது. கோபுரம் என்று நண்பர் அண்ணாந்து பார்க்கிறாரே, அதன் ஒவ்வொரு நிலையிலும் இப்படிப்பட்ட அடுப்பும் கீரையும்தான் பொம்மைகளாக நிற்கின்றன. கீழே நின்று பார்க்கிறவருக்குக் கலசம் மட்டும் தெரிகிறது.

அந்தக் கோபுரமே ஒரு காலத்தில் எந்த நிலையில் கிடந்தது? சிந்தாமணியை 1887-லும், பத்துப்பாட்டை 1889-லும் அச்சேற்றிய சாமிநாதையர், ஊர் ஊராகப் போய் ஏடு தேடினார். பரணிலும் மூலையிலும் செல்லரித்துக் கிடந்த கட்டுகளைத்தான் தேடினார். கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் பழைய ஏடுகளை அக்கினிக்கு ஆகுதி செய்துவிட்டார்கள் என்று கேட்டு அவர் துடித்த துடிப்பை 'என் சரித்திர'த்தில் படிக்கலாம். நெருப்பில் போட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. குப்பை என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். எது குப்பை என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்கிற வழக்கம் நமக்குப் புதிதல்ல. அதன் விலையும் நமக்குத் தெரியாததல்ல.

இதற்காக எதிர்க் கட்சியோடு நான் போய்ச் சேர்ந்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். காதில் விழுந்ததை அப்படியே இறக்கி வைத்தால் போதும், அதுவே யதார்த்தம் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களிடம் என் கணக்குத் தாளைக் கொடுத்தால், பால், காய், பூ என்று அச்சடித்துக் கதை என்பார்கள். அதற்கு மளிகைக் கடையே போதுமே, கதாசிரியன் எதற்கு? துணுக்கு பேசாது. அதைப் பேச வைக்கிறவன் வேண்டும். படிப்பு அதற்குத்தான். சிறுபாணாற்றுப்படையைப் படித்திருந்ததனால்தானே சாத்தின கதவும் தாயின் கையும் ஒன்று என்று இன்று எனக்குத் தெரிகிறது? இலக்கியம் பார்ப்பதற்குக் கண்ணைக் கொடுக்க வேண்டும். காட்சியைக் கொடுக்கக் கூடாது. காட்சியையும் அதுவே கொடுத்துவிட்டால், நாம் எழுதுவது நாம் படித்ததன் எதிரொலி.

நடையைப் பற்றி நான் கண்டது ஒன்றுதான். முன்னால் இருக்கிற பொருள் எவ்வளவு இடம் கேட்கிறதோ, அவ்வளவு இடம் விட்டு ஒதுங்கி நிற்பதே நடை. குங்குமத்துக்கு இடம் விடாத என் நடை, நடையல்ல, மிதித்துக்கொண்டு போவது. அந்தக் கதையை அடுத்த தொகுதியில் சேர்க்கப் போவதில்லை. குங்குமம் வாங்கினவளுடைய கதையை எழுதிப் பார்க்கிறேன். வராவிட்டால், தாளைப் பத்திரமாக வைத்திருப்பேன்.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் நேரில் சொல்ல வேண்டும் என்று, துண்டு வாங்குகிற சாக்கில் திருச்சியில் நாலைந்து ஜவுளிக் கடைகள் ஏறி இறங்கினேன். அகப்படவில்லை. பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சிரிக்கத்தான் நேரம் இருந்தது. ஆகையால் இங்கே சொல்கிறேன். அம்மா, அது கதை ஆகும். நிச்சயம் ஆகும். பட்டென்று ஆகாது. அந்தத் தாய் வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்தாள், மகள் அந்தச் சீட்டைப் பிறகு பார்த்தாளா என்று நீ யோசிக்க வேண்டும். நிறையப் படிக்க வேண்டும். படித்ததை நம்பாமல் மறுபடியும் கடையில் போய் நின்று பார்க்க வேண்டும். நோட்டை மட்டும் எறிந்துவிடாதே.

ஒருகால் எறிந்திருந்தால், அது இந்நேரம் பழைய பேப்பர்க் கடைக்குப் போயிருக்கும். அங்கிருந்து ஏதாவது மளிகைக் கடைக்குப் போய்க் கடுகையோ மிளகையோ சுமந்துகொண்டு உங்களில் ஒருவர் வீட்டுக்கு வரும். வாசகர்களே, பொட்டலத்தைப் பிரித்ததும் கசக்கி எறிந்துவிடாமல், ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுங்கள்.